நாலு விரல் உசரம்

தப்பா நெனைக்காத தாயி, நீ போன்ல பேசுனது காதுல விழுந்துட்டு. "சோறு பொங்கிட்டியாம்மா"ன்னு கேட்ட பாரு, அந்த ஒரு சொல்லுல ஊரு தெரிஞ்சுபோச்சு. திருநவேலி பக்கந்தான? சாத்தான்குளமா! அப்படிச் சொல்லு. நான் தென்காசி. பேரு ஆறுமுகநயினார். இங்க உள்ளவன் ஒருத்தனுக்கும் அத முழுசாச் சொல்ல வராது, 'ஆரு, ஆரு'ன்னு நாயக் கூப்பிடுத மாதிரி கூப்பிடுவானுவ. இந்த வேல்ஸ் தேசத்துல, இந்த மழையில, பஸ்ஸுல பக்கத்துச் சீட்டுல ஒரு சாத்தான்குளத்துப் பிள்ள வந்து உக்காருதுன்னா அது தெய்வம் பாத்து அனுப்புனதுதான்.

கோட்டுக்குள்ள நர்ஸ் உடுப்பு தெரியுது. பெரியாஸ்பத்திரிதான? எந்த வார்டும்மா? எலும்பு வார்டா? அட முருகா. அப்ப நீ எங்க அண்ணாச்சியப் பாத்திருப்பியே. டாக்டர் மாசிலாமணி. எம்பது தாண்டிட்டு, இடுப்பு முறிஞ்சு கிடக்காவ. நெத்தி நெறைய திருநீறு. யாரு ஊசி போட வந்தாலும் 'தேங்க்யூ'ன்னு சொல்லுவாவளே, அந்த மனுசன்.

சொல்லக் கூடாதா? சட்டமா? சரி, சொல்லாத. நான் உன்னக் கேக்கல. நான் சொல்லுதத நீ கேளு, கேக்கதுக்குச் சட்டம் ஒண்ணும் கிடையாதுல்லா.

உங்க வார்டு வாசல்ல ஒரு கதவு இருக்கு பாத்தியா, அட்டையத் தொட்டாத்தான் தெறக்கும். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு நின்னு எனக்குக் காலு மரத்துப்போச்சு. உள்ள விட மாட்டேங்கான். ஏன்னா அண்ணாச்சி மக காந்திமதி எழுதிக் குடுத்துட்டா, இந்த ஆள விடக்கூடாதுன்னு. நான் என்ன கத்திய எடுத்துக்கிட்டா போறேன்? கையில ரெண்டு ஆரஞ்சுப் பழம். வாயில ஒரு நல்ல சேதி. அதச் சொல்லத்தான் தாயி இந்த மழையில பஸ் ஏறுனது. ரெண்டு நிமிசம் போதும். அண்ணாச்சி காதுல போட்டுட்டு நான் பாட்டுக்கு வந்துருவேன்.

ஏன் விட மாட்டேங்காவன்னு கேக்கணும்போல இருக்குல்லா உனக்கு? கேளு, கேளு. நானே சொல்லிருதேன். மத்தவன் சொல்லி நீ கேட்டா கோணலாக் கேப்ப.

நான் ஹைவேஸ்ல வேல பாத்தவன். தென்காசி, செங்கோட்டை, புளியரை, அந்தப் பக்கத்து ரோடெல்லாம் நான் மட்டம் பாத்துப் போட்டதுதான். வீட்டுக்காரி சொர்ணமும் போய்ச் சேந்து, நான் ரிட்டயரும் ஆன பெறவு, மகன் இங்க கூட்டியாந்துட்டான். அவனும் மருமகளும் காலையில போனா ராத்திரிதான். நான் என்ன செய்ய, ஜன்னல் வழியா மழையப் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் கோயில்ல அண்ணாச்சியப் பாத்தேன். நாப்பது வருசம் இங்க சுரங்கக்காரன் ஊர்ல டாக்டரா இருந்தவ்வொ. பாளையங்கோட்டைக்காரவ்வொ. "நீரு தென்காசியா வே?"ன்னு ஒரு கேள்வி கேட்டாவ. நம்மூரு 'வே'யக் கேட்டு எத்தன வருசம் ஆச்சு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு, பொய் சொல்லல.

அவ்வொ வீட்டம்மா மங்கையர்க்கரசி. நான் மதினின்னு கூப்பிடுவேன். புருசனும் பொஞ்சாதியும் செய்த கூத்தக் கேளு. லீவு கெடச்சா போதும், மலை. சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, கீழ பூட்ஸ மாட்டிக்கிட்டு, புளியோதரையக் கட்டிக்கிட்டு மலை ஏறுவாவ மதினி. இங்க மலையேறுதவனுக்குன்னு ஒரு சங்கம் இருக்கு. இந்தப் பக்கத்துல உள்ள மலை அத்தனையிலயும் உச்சியத் தொட்டவுக பேர எழுதி வைப்பான். அதுல மதினி பேரும் அண்ணாச்சி பேரும் இருக்கு. நம்ம ஆளுகள்ல அவ்வொதான் முதல்ல. கடைசியா ஏறுன மலைக்கு ஒரு வெல்ஷ் பேரு உண்டு, சொன்னா நமக்கு நாக்கு சுளுக்கிரும். மதினி அதுக்கு 'காக்கா மலை'ன்னு பேரு வச்சாவ. அந்த உச்சியில அவ்வளவு காக்கா.

மதினி போயி மூணு வருசம் ஆச்சு. வயித்துல கட்டி. போறதுக்கு முந்தி அண்ணாச்சிகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாவளாம். "என்ன ஆத்துல கரைக்க வேண்டாம். காக்கா மலை உச்சியில போட்டுருங்க. உங்ககூட நான் கடைசியா ஏறுன மலை அதுதான்." பிராமணனும் கிடையாது, மந்திரமும் கிடையாது. இவ்வொளும் அதே மாதிரி பாதிச் சாம்பல அங்க கொண்டு போயி போட்டாவ. மீதிப் பாதிய ஒரு வெங்கலச் செம்புல, மஞ்சத் துணி கட்டி, சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டாவ. எதுக்குன்னா, அண்ணாச்சி போன பெறவு அவ்வொ சாம்பலையும் அதோட கலந்து, அதே உச்சியில போடணுமாம். மககிட்ட சொல்லி வச்சிருந்தாவ. தெனமும் காலையில காப்பி போட்டா அந்தச் செம்புக்கு முன்னால ஒரு டம்ளர் வைப்பாவ. நான் கண்ணால பாத்தேன் தாயி. படிச்ச டாக்டரு!

எனக்குச் சொர்ணம் போனப்ப மூணாம் நாளே பாபநாசத்துல கரைச்சுட்டு, குளிச்சுட்டு, மத்தியானப் பஸ்ஸுக்கு வீட்டுக்கு வந்துட்டேன். முடிஞ்சுது ஜோலி. அழுகதுக்குக்கூட நேரம் இல்ல, மறுநாள் ஆடிட்டு.

இருக்கட்டும். இப்ப விசயத்துக்கு வாரேன். இங்க உள்ளவனுக்கு இன்னொரு பைத்தியம் உண்டு. மலையோட நெசமான உச்சி எதுன்னு தேடித் திரிவானுவ. நீ நெனைப்ப, உச்சி என்ன ஒளிஞ்சா கிடக்குன்னு. ஆமா தாயி, ஒளிஞ்சுதான் கிடக்கு. மேல போனா ரெண்டு மேடு இருக்கும். ரெண்டும் கண்ணுக்கு ஒண்ணு போலத்தான் தெரியும். கல்லக் குவிச்சு வச்சிருப்பான், சிமெண்டுத் தூணு நட்டிருப்பான், அதெல்லாம் கணக்குல சேராது. மனுசன் வச்சது எதுவும் சேராது. தன்னால நிக்குத பாறையோ மண்ணோ, அதுல எது உசரமோ அதுதான் உச்சி. அதத் தொட்டாத்தான் அந்த மலைய ஏறுனதாக் கணக்கு. பக்கத்து மேட்டத் தொட்டுட்டு வந்தா ஏறவே இல்லைன்னு அர்த்தம். எனக்குக் கேட்டதும் பிடிச்சுப்போச்சு. நம்ம ஊர்ல இப்படி ஒரு கறார் எங்க இருக்கு?

மகன் எனக்கு ஒரு பழைய லெவல் வாங்கிக் குடுத்தான். அந்தக் கருவியக் கையில வாங்குன அன்னைக்கு எனக்கு இருவது வயசு கொறஞ்சுட்டு. மூணு கால் மேல நிக்கும். குழாய் வழியாப் பாத்தா பார்வை நேர் மட்டமாப் போகும். எதுத்தாப்புல ஒருத்தன் கோடு போட்ட கம்பத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். பார்வை எந்தக் கோட்டுல விழுதோ, அத வச்சு எந்த எடம் உசரம்னு சொல்லிரலாம். கம்பம் பிடிக்கவனுக்கு எங்க டிபார்ட்மெண்ட்ல கலாசின்னு பேரு. எனக்குக் கலாசி யாரு தெரியுமா? டாக்டர் மாசிலாமணி! வேற யாரு வருவா. "வாரேன் வே, வீட்டுல சும்மாதான இருக்கேன்"னு கம்பத்தத் தோள்ல போட்டுக்கிட்டு என் பின்னால வருவாவ. "கொஞ்சம் இடது பக்கம் அண்ணாச்சி, நேராப் பிடிங்க அண்ணாச்சி"ம்பேன். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கேப்பாவ. தங்கமான மனுசன்.

நான் பழசையெல்லாம் மனசுல வைக்கதே கிடையாது. ஒரு தீவாளிக்கு அவ்வொ வீட்டுல இருவது பேரு உக்காந்திருக்கோம். யாரோ நான் என்ன வேல பாத்தேன்னு கேக்க, அண்ணாச்சி சொல்லுதாவ, "நயினார் போட்ட ரோடா, சாரல் அடிச்சாலே கரைஞ்சிரும்." எல்லாரும் சிரிக்கான். மதினி முந்தானைய வாயில பொத்திக்கிட்டுச் சிரிக்காவ. வேடிக்கைக்குச் சொன்னதுதான. அன்னைக்கே மறந்துட்டேன். மதினி அன்னைக்கு மாம்பழக் கலர் சேல கட்டியிருந்தாவ.

ஏழெட்டு மலை பாத்தோம். எல்லாம் பழைய உச்சியே சரியா இருந்துட்டு. எனக்குச் சப்புனு ஆயிட்டு. அப்ப நாந்தான் சொன்னேன், காக்கா மலையப் பாப்போம்னு. அங்க ரெண்டு மேடு உண்டு. ஒண்ணு பாறை, அதுலதான் எல்லாரும் ஏறுவான், மதினியப் போட்டதும் அங்கதான். இன்னொண்ணு சதுப்புக்கு அந்தப் பக்கம், புல்லு மேடு. யாரும் போறதில்ல.

அண்ணாச்சி மொகம் செத்துப்போச்சு. "அது ஒண்ணை மட்டும் விட்டுரும் வே."

"என்ன அண்ணாச்சி, நீங்க போட்டது உச்சியிலதான? அப்பறம் என்ன பயம்? அளந்து பாத்து, உறுதியாயிட்டுன்னா உங்களுக்குத்தான நிம்மதி"ன்னேன். நான் சொன்னதுல தப்பு இருக்கா? நீயே சொல்லு.

போனோம். மேல காத்துன்னா காத்து, ஆளத் தூக்குது. அண்ணாச்சி கம்பத்தோட பாறை கிட்ட போயி நிக்காவ, ஏற மாட்டேங்காவ. "கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடட்டுமா வே"ன்னு கேக்காவ. தள்ளி வச்சா அது உச்சி ஆகுமா? "நடு உச்சியில வைங்க அண்ணாச்சி"ன்னு கத்துனேன். கோயில் வாசல்ல செருப்பக் கழத்துத மாதிரி, குனிஞ்சு பூட்ஸக் கழத்தி, சாக்ஸக் கழத்தி, அந்தக் குளுர்ல வெறுங்காலோட பாறையில ஏறி நின்னாவ. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ஆனா கோடு நல்லாத் தெரிஞ்சுது, குறிச்சுக்கிட்டேன்.

அப்பறம் சதுப்பத் தாண்டி அந்தப் புல்லு மேட்டுக்கு அனுப்புனேன். முழங்கால் வரைக்கும் புதையுது. முறைப்படி பாத்தா, கருவிய ரெண்டு மேட்டுக்கும் நடுவுல வைக்கணும். நடுவுல சேறு, கால் நிக்காது. அதனால நான் பாறைக்குப் பக்கத்துலயே வச்சுப் பாத்தேன். புல்லு மேட்டுக் கோட்டப் பாக்கேன். திரும்பப் பாக்கேன். சந்தேகமே இல்ல. புல்லு மேடு நாலு விரல் உசரம்! இத்தன காலமா வெள்ளைக்காரன் எல்லாரும் தப்பான மேட்டத் தொட்டுட்டு எறங்கியிருக்கான், கண்டுபிடிச்சது தென்காசி ஆறுமுகநயினார்.

"அண்ணாச்சி! நீங்க இப்ப நிக்குததுதான் உச்சி!"ன்னு கத்துனேன். காத்துல கேக்கல. ரெண்டு கையையும் வாயில வச்சுக் கத்துனேன். "மதினியப் போட்டது உச்சி இல்ல அண்ணாச்சி! நீங்க நிக்குத எடந்தான் உச்சி!" கேட்டுட்டு போல. கம்பம் ஆடுது. "ஆட்டாதீங்க, நேராப் பிடிங்க, இன்னொரு தடவ பாக்கணும்"னு சொன்னேன். பிடிச்சாவ, பாவம்.

எறங்கி வந்தோம். கார்ல வச்சுக் கேட்டாவ. "உறுதியாத் தெரியுமா வே?"

"மனுசன் பொய் சொல்லுவான், கருவி சொல்லாது அண்ணாச்சி."

"அப்ப அவ ஏறலையா அந்த மலைய?"

"கணக்குப்படி ஏறல."

 பெறவு என் கையப் பிடிச்சாவ. "நயினாரே, நான் இருக்க மட்டும் இத வெளிய விடாதீரும். நாம் போன பெறவு என்னமும் செய்யும். அவ கேட்டது அந்த ஒண்ணுதான் வே. அதையும் நான் ஒழுங்காச் செய்யலன்னு ஊருக்குத் தெரிய வேண்டாம்."

நீ என்ன செய்திருப்ப? இரக்கந்தான் படுவ. எனக்கும் இரக்கம் இருக்கு. ஆனா உள்ளத உள்ளபடிதான சொல்லணும்? ஒருத்தர் மனசு நோகும்னு மலையக் குட்டையாக்க முடியுமா? சங்கத்துக்கு எழுதிட்டேன். அவன் கேட்டான், ரெண்டு பக்கம் இருந்தும் பாத்தீங்களான்னு. புல்லு மேட்டுப் பக்கம் கருவிய வச்சு இங்க திருப்பிப் பாக்கணும், அதுதான் முறை. பாத்தேன்னு எழுதிட்டேன். பாக்கத்தான் நெனச்சேன், மழை வந்துட்டு. அவன் பத்திரிகையில என் பேரு போட்டு ஒரு பக்கம் எழுதுனான் தாயி. என் பேர முழுசா, ஒரு எழுத்துத் தப்பில்லாம.

அவன் இன்னொண்ணும் எழுதியிருந்தான். செத்தவுக கணக்க மாத்துத வழக்கம் இல்ல, மிஸ்ஸஸ் மாசிலாமணி பேரு அப்படியே இருக்கும்னு. நான் விடல. அதெப்படி? சட்டம்னா உயிரோட இருக்கவனுக்கு ஒண்ணு, செத்தவனுக்கு ஒண்ணா? ரெண்டு தடவ எழுதுனேன். பெறகு மதினி பேர எடுத்துட்டான். யதார்த்தவாதி வெகுஜன விரோதின்னு சும்மாவா சொன்னான்.

அண்ணாச்சி வீடு தேடி வந்தாவ. சண்டைக்கு வாராவன்னு நெனச்சேன். இல்ல. அடுப்படி நாற்காலியில உக்காந்து, காப்பியக் கையில வச்சுக்கிட்டு, குடிக்கவே இல்ல. "ராத்திரி தூக்கம் இல்ல வே. கண்ண மூடுனா, 'எங்க போட்டீங்க என்ன'ன்னு கேக்கா." எனக்கு மனசு கேக்கல. வழி சொல்லணும்லா. "அண்ணாச்சி, மீதிப் பாதிதான் வீட்டுல இருக்குல்லா. அதக் கொண்டு போயி நெச உச்சியில போட்டுருங்க. கணக்கு நேராயிரும்."

"அது எனக்கு வே. ரெண்டு பேரையும் கலந்து போடணும்னு..."

"அஸ்திய வீட்டுல வைக்கவே படாது அண்ணாச்சி. வருசக்கணக்கா வச்சிருக்கீங்க. அந்த ஆத்மா எப்படி அடங்கும்? அதான் வந்து கேக்காவ."

அவ்வளவு படிச்ச மனுசன், நான் சொன்னதும் சின்னப் பிள்ள மாதிரி தலைய ஆட்டுனாவ. "நீரும் வாரும் வே"ன்னாவ. நான் எப்படிப் போக? எனக்கு மூட்டு வலி. மழை வேற. "எடம் தப்பாது, அன்னைக்கு உங்ககிட்டக் குடுத்து நடச் சொன்னேன்லா, அந்தச் சிவப்புத் துணி கட்டுன குச்சி அங்கதான் நிக்கும். முழுசாக் கொட்டிருங்க, ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கப்படாது, செம்பக் கழுவிருங்க"ன்னு எல்லாம் வெவரமாச் சொல்லித்தான் அனுப்புனேன்.

தனியாப் போயிருக்காவ. ஒரு மனுசனக்கூடக் கூட்டிக்கிடாம. போட்டுட்டுத் திரும்பி வரும்போது சதுப்புல காலு உள்ள போயி, வெளிய இழுக்கும்போது விழுந்து, இடுப்பு போயிட்டு. மறுநாள் காலையில ஆடு பாக்க வந்தவன் நாயி கொலைச்சுத்தான் கண்டுபிடிச்சிருக்கான். கையில செம்பு இருந்துதாம். சுத்தமாக் கழுவியிருந்துதாம். நான் சொன்ன ஒண்ண விடல பாரு.

முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன், அப்ப தடை எல்லாம் இல்ல. அண்ணாச்சி வலியிலயும் சிரிச்சாவ தாயி. என் கையப் பிடிச்சுக்கிட்டு, "போட்டுட்டேன் வே. குச்சிகிட்டயே போட்டுட்டேன். இப்ப அவ கேட்ட எடத்துல இருக்கா. ராத்திரி முழுக்க அங்க கிடந்தேம்லா, பயமே இல்ல, அவ பக்கத்துலதான கிடக்கோம்னு இருந்துது"ன்னாவ. மககிட்டயும் சொல்லிட்டாவ. "நான் போனா என்னையும் அந்தப் புல்லு மேட்டுலதான் போடணும், சிவப்புத் துணி இருக்கும் பாத்துக்கோ"ன்னு. என் குச்சிதான் அடையாளம்! எனக்குப் பெருமையா இருந்துட்டு.

ஆனா அந்தக் காந்திமதி இருக்காளே, இங்க பொறந்து வளந்தது, மட்டு மரியாத தெரியாது. வராந்தாவுக்கு என்னத் தள்ளிக்கிட்டு வந்து கத்துதா. "அங்கிள், எங்கம்மாவ அளக்க உங்களுக்கு யாரு சொன்னா? நாலு விரலுக்கு எங்கப்பாவச் சாகக் குடுக்கப் பாத்தீங்களே"ங்கா. எல்லாரும் பாக்கான். நான் ஒரு வார்த்த பேசல. பெரியவன் பேசாம இருந்தாத்தான் மரியாத. அன்னையில இருந்துதான் கதவு தெறக்க மாட்டேங்கு.

இப்பத்தான் தாயி நல்ல சேதி. போன ஞாயித்துக்கெழம, பொழுது போகாம, வீட்டுக்குப் பின்னால கார் நிறுத்துத எடத்துல லெவலச் சோதிச்சுப் பாத்தேன். கம்பத்தக் கிட்ட வச்சு ஒரு தடவ, தூர வச்சு ஒரு தடவ. பாத்தா, பார்வை கீழ சாயுது! கிட்டத்துல தெரியாது. தூரம் போகப் போகத் தப்பு கூடும், அதான் தூரத்துல இருந்த புல்லு மேடு உசரமாத் தெரிஞ்சிருக்கு. மகன் கார் டிக்கியில கருவி உருண்டு அடி பட்டிருக்கு. ஆனைக்கும் அடி சறுக்கும்லா, கருவிக்குச் சறுக்காதா? உக்காந்து திரும்பக் கணக்குப் போட்டேன். பாறைதான் தாயி உச்சி! பழைய பாறையேதான். புல்லு மேடு ரெண்டு விரல் தாழ. மதினி ஏறுனது ஏறுனதுதான். அண்ணாச்சி மொதல்ல போட்டது சரியான எடந்தான்!

யாரும் சொல்லிக் கண்டுபிடிக்கல, நானே கண்டுபிடிச்சேன். வேற ஒருத்தனா இருந்தா மூடி மறைச்சிருப்பான். நான் நேத்தே சங்கத்துக்கு எழுதிட்டேன். ஒரே மலைக்கு ரெண்டு தடவ ஒருத்தன் பேரு பத்திரிகையில வந்தது கிடையாதாம்.

இதத்தான் அண்ணாச்சிகிட்டச் சொல்லணும். எவ்வளவு சந்தோசப்படுவாவ.

என்ன தாயி தள்ளி உக்காருத? பை இடிக்கா? 'சொல்லாதீங்க'வா? ஏன் சொல்லக்கூடாது? ஆமா, ரெண்டாவது பாதி புல்லு மேட்டுல கிடக்கு, அதுக்கு என்ன செய்ய, காத்துல போனத அள்ள முடியுமா? மொதப் பாதி சரியா இருக்குல்லா? பாதிக்காவது சந்தோசப்படலாம்லா? இப்ப தன்ன எங்க போடணும்னு அண்ணாச்சிதான் முடிவு செய்யணும். பாறையிலன்னா பாறையில. பாதிப் பாதின்னா பாதிப் பாதி. தெரியாமச் செத்தா தப்பான மேட்டுலல்லா போயிக் கிடப்பாவ? காலாகாலத்துக்கும்? நெனச்சா எனக்கே தூக்கம் வரல.

நிம்மதியா இருக்கட்டும்னு சொல்லுத. பொய்யில என்ன நிம்மதி? நீ சின்னப் பிள்ள, உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வந்துட்டு போல. நீ எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். நீ பாட்டுக்கு உன் அட்டையத் தொடு, கதவு தெறக்கட்டும். நான் பின்னாலயே நொழஞ்சிருதேன். உன் பேரச் சொல்ல மாட்டேன். ரெண்டே நிமிசம்.

என்னது?

எப்ப? நேத்து சாயங்காலமா?

நீ பக்கத்துலதான் இருந்தியா.

எனக்கு ஒரு வார்த்த சொல்லல பாத்தியா. ஒரு போன் பண்ணி, ஒரு வார்த்த. இந்த ஊர்ல அவ்வொளுக்குக் கலாசி வேல குடுத்து, கூட்டிக்கிட்டுத் திரிஞ்சது யாரு? என்ன சொன்னாவ கடைசியில? சிரிச்ச மொகமாவே போனாவளா? ஐயோ. தெரியாமலே போயிட்டாவளே. தப்பான மேட்ட நெனச்சுக்கிட்டே போயிட்டாவளே மனுசன்.

அழாத தாயி. நர்ஸு அழலாமா? இந்தா, ஆரஞ்சு ரெண்டையும் நீயே வச்சுக்கோ.

சாமானெல்லாம் வாங்க காந்திமதி இன்னைக்கு வந்திருப்பால்லா? வராம இருக்க மாட்டா. உள்ளதான் இருப்பா. அவ பாட்டுக்குச் சாம்பலக் கொண்டு போயி அந்தப் புல்லு மேட்டுல போட்டுட்டா பெறகு என்ன செய்ய முடியும்? நேருல சொல்லிருதேன். அவளுக்குத் தெரியணும்லா, அவ அம்மா எங்க, அப்பா எங்கன்னு.

காலத் தள்ளி வையி தாயி, நான் எறங்கணும்.